கீழே கொஞ்சம் பாருங்க!

அடையாறில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். சங்கத்தின் பொருளாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கைப் போன வருடம்தான் எக்ஸெலுக்கு மாற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம். சனிக்கிழமை இரவு கூட்டிப் பார்த்தால் 80,500 என்று வருகிறது. வர வேண்டியது 84,000. ஒரு வீட்டுப் பணம், 3,500 ரூபாய், காணோம்.

பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை பார்த்துவிட்டார். 24 பெயருக்கும் எதிரே தொகை இருக்கிறது. பாஸ்புக்கில் 84,000 வரவும் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் 80,500 என்று அடம் பிடிக்கிறது. அவர் 10ஆம் தேதிக்கு மேல் ஒரு வாரம் பேரனைப் பார்க்க பெங்களூரு போயிருந்தார். அந்த வாரம் வந்த தொகைகளைச் செயலாளர்தான் பதிவு செய்தார். அவர் எதையாவது மாற்றி வைத்துவிட்டாரோ? கேட்டால் சண்டையாகும். கேட்காமல் இருந்தால் நாளைக்குக் கூட்டத்தில் தலைகுனிய வேண்டும். வேலையில் இருந்தவரை கல்லாவில் ஒரு ரூபாய் குறையாமல் பார்த்தவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காலையில் மூன்றாவது மாடியில் பி.காம். படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் மவுஸைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

“அங்கிள், அந்தத் தொகை வரிசையை மட்டும் மொத்தமா செலக்ட் பண்ணுங்க. இப்போ கீழே பாருங்க.”

“எங்கேம்மா?”

“ஸ்கிரீனோட அடியில, அங்கிள். அந்தப் பட்டையில.”

ஜன்னலின் அடிவரம்பில் மெல்லிய பட்டை ஒன்று. சராசரி 3,500. எண்ணிக்கை 24. மொத்தம் 80,500. அந்தப் பட்டையின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தச் சொன்னாள். வந்த பட்டியலில் ‘நியூமரிக்கல் கவுன்ட்’ என்பதைத் தேர்வு செய்யச் சொன்னாள். பட்டையில் புதிதாக ஓர் எண் முளைத்தது: 23.

“24 கட்டத்துல ஏதோ எழுதியிருக்கு அங்கிள். ஆனா 23 கட்டத்துலதான் நம்பர் இருக்கு. ஒண்ணு நம்பர் மாதிரி இருக்கு, நம்பர் இல்ல.”

ஒவ்வொரு கட்டமாகப் பார்த்ததில் 14ஆவது வரியில் அது அகப்பட்டது. மற்ற இடங்களில் 3500. அங்கே மட்டும் ‘3500/-’. செக்கில் எழுதும் பழக்கத்தில் யாரோ கடைசியில் ஒரு கோடும் சிறு இழுப்பும் போட்டுவிட்டார்கள். நமக்கு அது பணம். எக்ஸெலுக்கு அது வெறும் எழுத்து. எழுத்தைக் கூட்ட முடியாது என்பதால் சத்தமே போடாமல் விட்டுவிட்டது. சராசரியும் சரியாக 3,500 என்றே காட்டியதால் சந்தேகமும் வரவில்லை. அந்தக் கோட்டை அழித்ததும் 84,000.

ராத்திரி முழுக்க அவர் தேடிய பதில், தேடிய திரையின் அடியிலேயே இருந்தது. அந்தப் பட்டைக்குப் பெயர் ஸ்டேட்டஸ் பார். தமிழில் நிலைப்பட்டை.

மணி அடித்த டைப்ரைட்டர்

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் நிறைந்திருந்த காலத்தில் லோயர், ஹையர் பரீட்சைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வரி முடிய இன்னும் சில எழுத்துகளே இருக்கும்போது ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். பெரிய எழுத்துக்கான ஷிப்ட் லாக்கை அழுத்தினால் அந்தச் சாவி கீழேயே நிற்கும். தாள் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். மெஷின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை விரலும் காதும் கண்ணுமே சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் வந்ததும் இதெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. எத்தனாவது பக்கம், எத்தனாவது வரி, புது எழுத்து பழைய எழுத்தைத் தள்ளுமா, அழிக்குமா? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் 1978இல் வந்த வேர்ட்ஸ்டார் மென்பொருளிலேயே திரையின் மேல்வரியில் பக்கம், வரி, எழுத்தின் இடம், ‘இன்சர்ட் ஆன்’ என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. பிறகு வந்த வேர்ட்பெர்ஃபெக்ட் அதைத் திரையின் கீழ் மூலைக்குக் கொண்டுபோனது. விண்டோஸ் காலத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் அடியில் ஒரு பட்டையாக அது நிலைத்தது.

பழைய வேர்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வேதனை நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்று நடுவில் அடித்தால், அடிக்க அடிக்க அடுத்த பெயர் மறைந்துகொண்டே போகும். தெரியாமல் இன்சர்ட் சாவியில் விரல் பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அதே நேரம் கீழ்ப்பட்டையில் ‘ஓவிஆர்’ என்ற மூன்று எழுத்துகள் கறுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஓவர்டைப் என்பதன் சுருக்கம் அது. அதன் மேல் இரண்டு முறை க்ளிக் செய்தால் பிரச்சினை தீர்ந்தது. பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒரே சாவி ஒரு சமயம் ஒன்றையும் இன்னொரு சமயம் வேறொன்றையும் செய்வது மனிதர்களைப் பாடாய்ப் படுத்தும் என்று போராடியவர் லாரி டெஸ்லர். கட், காப்பி, பேஸ்ட் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். தம் காரின் நம்பர் பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார். இப்படிப்பட்ட இரட்டை நிலைகளை முழுவதும் ஒழிக்க முடியவில்லை. ஒழிக்க முடியாத இடத்தில், இப்போது எந்த நிலை என்று சொல்வதற்காவது ஒரு பட்டை வேண்டியிருக்கிறது.

மோருக்கு வந்தாச்சா?

தி.நகரில் முகூர்த்த நாளன்று ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு இது புரியும். உள்ளே பந்தி நடக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. அஞ்சு நிமிஷமா, அரை மணியா? குழந்தை அழுகிறது, பெரியவருக்குக் கால் வலிக்கிறது. அப்போது உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “மோருக்கு வந்தாச்சு, அடுத்தது நீங்கதான்” என்கிறார். காத்திருக்கும் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. ஆனாலும் கூட்டம் அமைதியாகிவிடுகிறது.

எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று 1985இல் டேவிட் மைஸ்டர் எழுதினார். அதே 1985இல் பிராட் மையர்ஸ் என்ற கணினி ஆய்வாளர், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டை இருப்பதையே பயன்படுத்துபவர்கள் விரும்புகிறார்கள் என்று காட்டினார். 1994இல் யாக்கோப் நீல்சன் மென்பொருள் வடிவமைப்புக்குப் பத்து விதிகளைத் தொகுத்தபோது, முதல் விதியே இதுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயன்படுத்துபவருக்கு எப்போதும் தெரியப்படுத்து.

பட்டையின் வேலையும் அதுதான். நடுத்திரை நாம் செய்யும் வேலைக்கு. அவசரச் செய்தி என்றால் நடுவில் பெட்டி ஒன்று குதித்து வந்து ‘ஓகே’ அழுத்து என்று நிற்கும். அவசரமில்லை, ஆனால் தெரிந்திருந்தால் நல்லது என்ற வகைச் செய்திகளுக்குத்தான் இந்த ஓரத்து இடம். தொந்தரவு செய்யாது. கேட்டால் சொல்லும்.

தொந்தரவு செய்யாததே அதன் குறையும்கூட. லஸ் முனையைத் தினமும் கடக்கிறவர் அங்கே இருக்கும் பலகைகளைப் படிப்பதில்லை. அதேபோல், தினமும் பார்க்கும் பட்டையும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கீழே பார்த்தால் தீரும் சில தலைவலிகள்

எக்ஸெலில் அம்புக்குறிச் சாவியைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் முழுத் தாளும் நகர்கிறதா? கீழே ‘ஸ்க்ரோல் லாக்’ என்று இருக்கும். அந்தச் சாவியை ஒரு தடவை தட்டினால் போதும்.

எண்ணை மாற்றியும் மொத்தம் மாறவில்லையா? கீழே ‘கால்குலேட்’ என்று தெரிகிறதா பாருங்கள். கணக்கைத் தானாகப் போடாதே என்று யாரோ அமைத்து வைத்திருக்கிறார்கள். எஃப்9 சாவியை அழுத்தினால் கணக்கு புதுப்பிக்கப்படும்.

பட்டியலில் பாதிப் பெயர்களைக் காணோமா? இத்தனையில் இத்தனைதான் கிடைத்தது என்று கீழே ஒரு வரி இருந்தால், யாரோ ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். பெயர்கள் அழியவில்லை, மறைந்திருக்கின்றன.

வேர்டில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு, எத்தனை சொல் ஆயிற்று என்பது கீழேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பத்தியை மட்டும் தேர்வு செய்தால், மொத்தத்தில் அந்தப் பத்திக்கு எத்தனை சொல் என்றும் காட்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு நோட்பேடின் பட்டை முக்கியம். முன்பெல்லாம் நோட்பேடில் தமிழில் அடித்து, சேமிக்கும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுத்தால், மறுநாள் திறக்கும்போது கட்டுரை முழுக்கக் கேள்விக்குறிகளாக இருக்கும். ‘ஆன்ஸி’ என்ற பழைய முறையில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. மூடிய பிறகு அதை மீட்கவும் வழியில்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து நோட்பேடின் கீழ்ப்பட்டையில் வலப்பக்கம் எந்த முறை என்று தெரிகிறது. அங்கே ‘யுடிஎஃப்-8’ என்று இருந்தால் உங்கள் தமிழ் பத்திரம்.

கடவுச்சொல் திரும்பத் திரும்பத் தப்பு என்று வருகிறதா? கடிகாரத்துக்குப் பக்கத்தில் மொழியைக் காட்டும் குறியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் தமிழ் விசைப்பலகையிலேயே நின்றிருக்கலாம். அல்லது கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம்.

போர்டில் மயிலாப்பூர், கடை தாம்பரத்தில்

கணக்கு தப்பினால் திருத்திக்கொள்ளலாம். பணம் போனால்? பிரவுசரின் கீழ்மூலை காப்பது அதைத்தான்.

ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் வங்கிக் கணக்கைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்.’ அழுத்த வேண்டாம். அந்த எழுத்தின் மேல் மவுஸ் அம்பை மட்டும் கொண்டுபோய் வையுங்கள். ஜன்னலின் இடது கீழ்மூலையில், அழுத்தினால் உண்மையில் எங்கே போவீர்கள் என்ற முகவரி தோன்றும்.

அதை எப்படிப் படிப்பது? ‘மயிலாப்பூர் டிபன் சென்டர், தாம்பரம்’ என்று ஒரு போர்டைப் பார்த்தால் கடை எங்கே இருக்கிறது என்பீர்கள்? தாம்பரத்தில்தானே. பெயரில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கடைசியில் இருக்கும் ஊர்தான் நிஜம். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் பெயர்தான் உரிமையாளர். ‘உங்கள்வங்கி டாட் காம் டாட் பரிசுமழை டாட் இன்’ என்று இருந்தால் அது பரிசுமழைக்காரரின் இடம். உங்கள் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பட்டைக்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 1990களின் கடைசியில் இணையதளங்கள் இந்த இடத்தில் தாங்கள் விரும்பியதை எழுத முடிந்தது. ‘வருக வருக’ என்று ஓடும் எழுத்துகளை விட்டு விளையாடினார்கள். பிறகு ஏமாற்றுக்காரர்கள் உண்மை முகவரியை மறைத்து, பொய் முகவரியைக் காட்ட அதைப் பயன்படுத்தினார்கள். பின்னால் வந்த பிரவுசர்கள் அந்த வசதியை முடக்கின.

அடுத்து பட்டையே போனது. 2008 செப்டம்பரில் வந்த குரோம், நிரந்தரப் பட்டை இல்லாமல் வந்தது. தேவைப்படும்போது மட்டும் கீழ்மூலையில் முகவரி தோன்றி மறையும். 2011 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 4 பழைய பட்டையைக் கைவிட்டது. ஒரு காலத்தில் அந்தப் பட்டையில் இருந்த பூட்டுச் சின்னம் மேலே முகவரிப் பெட்டிக்குப் போனது. ‘பூட்டு இருக்கிறது, அதனால் நல்ல தளம்’ என்று பலர் நம்பியதால், 2023இல் குரோம் அந்தப் பூட்டையும் எடுத்துவிட்டது. பேச்சு நடுவழியில் ஒட்டுக்கேட்கப்படவில்லை என்பதுதான் பூட்டின் பொருள். எதிரில் பேசுகிறவர் யோக்கியர் என்று அது ஒருபோதும் சொல்லவில்லை.

கையில் இருக்கும் பட்டை

இதைச் செல்போனில் படிப்பவர்களுக்கு மவுஸ் ஏது? ஒரு இணைப்பை விரலால் தட்டாமல் அழுத்திப் பிடியுங்கள். அது போகும் முகவரி பெரும்பாலும் மேலே வரும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்த செய்தி என்றால் அதைக்கூடச் செய்யாமல் அழித்துவிடுவது உத்தமம்.

போனில் பட்டை கீழே இல்லை, மேலே ஏறிவிட்டது. நேரம், சிக்னல், பேட்டரி மூன்றையும் எல்லோரும் பார்க்கிறோம். மற்றவற்றையும் கொஞ்சம் பாருங்கள்.

பச்சைப் புள்ளி: 2020இல் ஐபோனிலும் 2021இல் ஆண்ட்ராய்டு 12இலும் வந்தது. பச்சை தெரிந்தால் ஏதோ ஒரு செயலி கேமராவைப் பயன்படுத்துகிறது. மைக் மட்டும் என்றால் ஐபோனில் ஆரஞ்சு, ஆண்ட்ராய்டில் அதற்கும் பச்சைதான். வீடியோ காலில் இருக்கும்போது தெரிந்தால் நியாயம். ஒன்றுமே செய்யாதபோது தெரிந்தால் எந்தச் செயலி என்று பார்க்க வேண்டும்.

திரைப் பகிர்வுச் சின்னம்: ‘இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று மின்வாரியத்தின் பெயரில் வரும் பொய்ச் செய்தியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசினால், “பயப்படாதீங்க சார், இந்த ஆப்பைப் போடுங்க, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க” என்பார்கள். அந்தச் செயலி உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டிவிடும். வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரும் வசதி 2023இல் வந்துவிட்டதால் சில சமயம் தனிச் செயலியும் தேவையில்லை. நீங்கள் அடிக்கும் கடவுச்சொல், வரும் ஓடிபி எல்லாம் அவர்கள் கண்ணில் படும். அந்த நேரத்தில் திரை பகிரப்படுகிறது என்ற சின்னமோ அறிவிப்போ பெரும்பாலான போன்களில் மேலே நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்தால் பேச்சை நிறுத்துங்கள், நெட்டை அணையுங்கள்.

சிக்னல்: வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் டவர் கிடைக்கிறது, உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்காக இல்லை என்றால் அலட்சியம் வேண்டாம். சிம் பழுதாகியிருக்கலாம். உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கவும் கூடும். வேறு போனிலிருந்து உடனே நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வீட்டில் பெரியவர்களுக்குப் போன் வாங்கிக் கொடுப்பவர்கள், வாட்ஸ்அப்பும் யூடியூபும் சொல்லிக்கொடுக்கும்போதே இந்த மேல்பட்டையையும் ஐந்து நிமிஷம் சொல்லிக்கொடுத்துவிடலாம். “பாட்டி, இங்க இப்படி ஒரு சின்னம் வந்தா எங்கிட்ட சொல்லுங்க” என்றால் போதும்.

அடையாறு மொட்டை மாடிக்கு வருவோம். பத்து மணிக் கூட்டத்தில் கணக்கு பைசா பிசகாமல் வாசிக்கப்பட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை. செயலாளர் காபி கொண்டுவந்து கொடுத்தபோது பொருளாளரால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. கூட்டத்துக்குக் கிளம்பும் முன் அந்த 14ஆவது வரியின் தேதியை அவர் பார்த்திருந்தார். 4ஆம் தேதி. அவர் பெங்களூரு கிளம்புவதற்கு முன்பு. செக்கில் எழுதி எழுதிப் பழகிய கை, அவருடையதுதான்.